விளம்பர இடைவேளையில் அக்காவின் குரல்

விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுதான் உலக வழக்கம். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தலைகீழ். நாடகம் ஓடும்போது வேலை பார்ப்போம், விளம்பரம் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவோம். எல்லா விளம்பரத்துக்கும் இல்லை, ஒரு சாம்பார்ப் பொடி விளம்பரத்துக்கு மட்டும். அதில் பாடுகிறவள் என் அக்கா.

பாடுகிறவள் என்று எழுதிவிட்டேன். பாடியவள் என்று மாற்ற வேண்டும். கை வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

தாராவியில் பொங்கலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் மேடை போடுவார்கள். அந்த மேடைகளில் பாடித்தான் அக்காவின் குரல் எங்கள் பக்கத்தில் தெரிந்தது. கூட கீபோர்டு வாசித்த அண்ணன் ஒருவர் அந்தேரி ஸ்டூடியோக்களுக்கும் போய் வருகிறவர். அவர்தான் அவளை அங்கே கூட்டிப் போனார். பம்பாயில் எடுக்கும் விளம்பரங்கள் முதலில் ஹிந்தியில்தான் பிறக்கும். பிறகு அதே படத்துக்குத் தமிழ்ப் பாட்டை ஒட்டுவார்கள். சென்னையிலிருந்து பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால், வார்த்தை மெட்டில் உட்காருகிறதா என்று பார்க்க உள்ளூரில் ஒருத்தியை வைத்துப் பாடிப் பார்ப்பார்கள். அதற்கு 'ரஃப்' என்று பெயர். பெரிய பாடகி வந்ததும் ரஃபை அழித்துவிடுவார்கள். என் அக்கா ரஃப் பாடுகிறவள்.

சாம்பார்ப் பொடிப் பாட்டுக்குப் போனபோது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். "தனியா போவாத, தங்கச்சியக் கூட்டிட்டுப் போ" என்று அத்தான் சொல்லிவிட்டுத் தோல் பட்டறைக்குப் போய்விட்டார். ஊரில் அப்பாவும் அம்மாவும் இருக்க, நான் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மாஹிமில் ரயில் ஏறி நானும் அவளும் போனோம்.

ஸ்டூடியோவில் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்திருந்தார். ஹிந்தி விளம்பரங்களுக்குத் தமிழ் வார்த்தை எழுதுவது அவர் வேலை. "ஒரு வாய் போதுமா, இன்னொரு வாய் வேணுமா" என்பது அவர் எழுதிய வரி. திரையில் வடக்கத்திக் குடும்பம் ஒன்று ஸ்பூனால் சாம்பாரைக் குடித்துக்கொண்டிருந்தது. சாம்பாரை யார் ஸ்பூனால் குடிப்பார்கள் என்று நான் முணுமுணுத்தேன். மாமி என்னைப் பார்த்து, "நாம கண்ண மூடிண்டு பாட்டப் போடணும், அவ்வளவுதான்" என்றார்.

பாட்டில் அம்மா, நாத்தனார், சின்னக் குழந்தை என்று மூன்று பேர் பாட வேண்டும். மூன்றையும் அக்காவே பாடினாள். ஒரு தடவை அவள் குரலிலேயே, ஒரு தடவை தொண்டையை இறக்கி, ஒரு தடவை ஏற்றி. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டுக் காட்டியபோது ஒரு குடும்பமே பாடுகிற மாதிரி இருந்தது. அந்தக் குடும்பம் முழுக்க என் அக்கா.

தகராறு வளையலால் வந்தது. அவள் மூச்சு விட்டால்கூட வளையல் சலசலத்தது. சவுண்டு பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தீதி, சூடி உதாரோ" என்று வளையலைக் கழற்றச் சொன்னான். அக்கா முடியாது என்று தலையாட்டினாள். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும் முன்னால் கழற்றக் கூடாது. அவன் கெஞ்சிப் பார்த்தான். மாமிதான் நடுவில் வந்து, "அவா வழக்கம் அது, கழட்ட மாட்டா. அந்தப் பொண்ண உள்ள அனுப்பு, கையப் பிடிச்சுக்கட்டும்" என்றார். என் துப்பட்டாவை அவள் இரண்டு கையிலும் சுற்றி, அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நான் நின்றேன். முழுப் பாட்டையும் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் பாடினாள்.

கடைசி வரி முடிந்ததும் ஒரு சிரிப்பு வேண்டும் என்றார்கள். அக்காவுக்குச் சொன்னால் சிரிக்க வராது. செயற்கையாக ஒரு 'ஹிஹி' வந்தது, எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். மறுபடி பாடினாள். கடைசி வரி முடிகிற நேரத்தில் சட்டென்று கையை என்னிடமிருந்து உருவி, என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது, நன்றாகவே உதைத்தது. வளையல் சலசலவென்று கொட்ட நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். போச்சு, இன்னொரு டேக் என்றான் பையன். மாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். "சாம்பார்ப் பொடிக்கு இதவிட என்னடா வேணும்? இருக்கட்டும் விடு" என்றார்.

பெரிய பாடகிக்குத் தேதி ஒத்துவரவில்லையாம். ரஃபையே கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். முதல்முறையாக அக்காவின் குரல் அழியாமல் தப்பியது.

விளம்பரம் டிவியில் வரத் தொடங்கியபோது பிள்ளை பிறந்துவிட்டாள், பெண் பிள்ளை. அவளுக்குச் சோறு ஊட்டுகிற வயது வந்ததும் அக்கா ஒரு வசதி கண்டுபிடித்தாள். தாராவியில் எந்த வீட்டிலும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் டிவி பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள், விளம்பரப் பாட்டு வந்தால் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும், அந்த நேரத்தில் ஒரு உருண்டையைத் தள்ளிவிடலாம். எங்கள் பிள்ளை மற்ற விளம்பரத்துக்கெல்லாம் மசிய மாட்டாள். 'ஒரு வாய் போதுமா' என்று டிவியில் அவள் அம்மா கேட்டால் போதும், தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்து வாயைத் திறப்பாள். அக்காவும் கூடவே பாடுவாள். டிவியில் மூன்று அக்கா, தரையில் ஒரு அக்கா. நான் கேலி செய்வேன், "ஒனக்கு ஒன் குரலே துணைப்பாட்டு, கொடுத்து வச்சவடி" என்று.

பிள்ளைக்கு ஒன்றேகால் வயதில், மழைக்காலத்தில், டெங்கு வந்து அக்கா இறந்துபோனாள். அதை நான் விரித்து எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் அவள் போனை டாக்ஸியில் விட்டுவிட்டோம். அவள் பேசியது, பாடியது, மகளைக் கொஞ்சியது எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது.

துஷ்டி வீட்டில் பதினாறு முடியும் வரைக்கும் டிவி போடக் கூடாது. எங்கள் டிவியின் மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தோம். அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம், ஊர்க்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் சந்தில் எதிர்வீடு கை நீட்டினால் எட்டும். அங்கே நாடகம் மெதுவான சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, விளம்பரம் வந்தால் சத்தம் தானாகக் கூடும் அல்லவா, கூடியது. 'ஒரு வாய் போதுமா' என்றாள் அக்கா. பாயில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், குடத்தோடு அவள் உள்ளே வருகிறாள் என்பது போலப் பார்த்தார். கடைசியில் வளையல் சத்தம் வந்தது, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். துஷ்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சிரிப்பதை நானே கேட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து தப்பிக்க முடியவில்லை. சந்தில் பாதி வீட்டில் கேபிள், பாதி வீட்டில் டிஷ். கேபிள் வீட்டில் முதலில் பாடுவாள், டிஷ் வீட்டில் அதையே கொஞ்சம் பிந்திப் பாடுவாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு நான் நடந்தால் கூடவே வருவாள், முன்னால் போவாள், பின்னால் கூப்பிடுவாள். நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது, ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சில நாளில் அது நின்றது. முதலில் எனக்குப் புரியவில்லை. நாடகம் ஓடும், திடீரென்று சந்து முழுக்க வாயடைத்துப் போகும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாடகம். எதிர்வீட்டு மதினி தொடங்கி வைத்த வேலை. அக்கா பாட்டு தொடங்கினதும் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துவது, முடிந்ததும் வைப்பது. அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு. எங்கள் நெஞ்சு தாங்காது என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அந்த அமைதியும் இருந்தது. அதற்குள் பாட்டு முழுவதும் என் தலைக்குள் ஓடி, வளையல் குலுங்கி, சிரிப்பும் முடியும். பிறகுதான் நாடகச் சத்தம் வரும்.

அந்த நாட்களில்தான் பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினாள். பால் குடிப்பாள், சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். "பிள்ள வாயே தொறக்க மாட்டேங்கா" என்று அத்தான் தட்டோடு என்னிடம் வருவார். அம்மாவைத் தேடுகிறாள், ஏக்கம் என்றார்கள். டாக்டர் டானிக் எழுதினார். திருஷ்டி கழித்தோம், மாஹிம் தர்காவில் மந்திரித்த கயிறு கட்டினோம். கை கால் குச்சியாகிவிட்டது. இடுப்பில் தூக்கினால் எடையே தெரியவில்லை. அக்காவைத் தொலைத்த வீட்டில் இவளையும் தொலைக்கப் போகிறோம் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், அத்தான் அன்று என்னோடு பேசவில்லை.

மறுபடி டாக்டரிடம் போகிற வழியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு சலூன். உள்ளே தமிழ்ச் சேனல் ஓடியது. சலூன்காரருக்கு எங்கள் சந்தின் மரியாதை தெரியாது. 'ஒரு வாய் போதுமா' என்று அக்கா சத்தமாகக் கேட்டாள். என் இடுப்பில் இருந்த பிள்ளை அழவில்லை, சிரிக்கவில்லை, தேடவும் இல்லை. வாயைத் திறந்தாள். திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். போடுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு பன் வாங்கித் திரும்புவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது, அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரிடம் போகவில்லை. நேராகத் திரும்பி வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றேன். "மதினி, இனிமே சத்தத்தக் கொறைக்காதீங்க. கூட்டி வைங்க" என்றேன். மதினி மிரண்டுபோய், "ஒங்களுக்குத் தாங்காதேன்னுதானம்மா செஞ்சோம்" என்றாள். "எங்களுக்குத் தாங்க வேண்டாம், பிள்ளைக்குச் சோறு எறங்கணும்" என்று கத்தினேன். ஒவ்வொரு வீடாகப் போய் அதையே கத்தினேன். என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. பதினாறு முடிந்தும் எடுக்காமல் விட்டிருந்த எங்கள் டிவியின் சேலையை அன்று சாயங்காலம் எடுத்தோம். பாட்டு வந்தபோது சந்து முழுக்க அக்கா பாடினாள், கேபிளிலும் டிஷ்ஷிலுமாக. பிள்ளை வாயைத் திறந்தாள். பருப்புச் சோறு ஊட்டினேன். அத்தான் எழுந்து தெருமுனைக்குப் போய், பாட்டு முடிந்த பிறகு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் செய்தார், ஆனால் அணைக்கச் சொன்னதே இல்லை.

இது எப்போதும் வரும் என்று நினைத்துவிட்டோம். விளம்பரத்தை யாராவது பதிவு செய்து வைப்பார்களா? ஒரு வாரம் அது வரவில்லை. அடுத்த வாரம் அதே பொடிக்கு வேறு குடும்பம், வேறு பாட்டு, ஒரு பையன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூச்சு விடாமல் பேசுகிறான். பொட்டலத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பொடியில் ஏதாவது குறையா என்று ஒரு பெண் கேட்டாள். பொடியில் ஒன்றுமில்லை, பழைய பாட்டு வேண்டும் என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி நன்றியும் சொன்னாள். கீபோர்டு அண்ணன் அந்தேரிக்குப் போய் விசாரித்தார். ஸ்டூடியோ இடம் மாறியிருந்தது, பழைய பதிவு எங்கே கிடக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் நான் பாடினேன். எனக்குப் பாட்டு வராது. ஆனாலும் கூடப் பிறந்த குரல், அவள் எங்கே இழுப்பாள், எங்கே மூச்சு எடுப்பாள் என்பது தெரியும், எதிரில் நின்று கையைப் பிடித்திருந்தவள் நான்தானே. பிள்ளை பாட்டு முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, எதையோ எதிர்பார்த்த மாதிரி என்னைப் பார்த்தாள். மறுநாள்தான் எனக்கு உறைத்தது. மார்க்கெட்டில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு பாடினேன். கடைசி வரியில் கையை உதறினேன், சிரித்தேன். வாய் திறந்தது.

அப்படிச் சிரித்துச் சிரித்து ஊட்டித்தான் அவளை ஆளாக்கினேன். தங்கச்சியையே அத்தானுக்குக் கட்டி வைத்துவிடலாம் என்று ஊரிலிருந்து பேச்சு வந்தது. வந்தவர்களிடம் நான் சண்டை போட்டேன், அத்தானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் பாட்டைப் பாடுகிறேன், அவள் வளையலைப் போடுகிறேன், அவள் பிள்ளைக்கு ஊட்டுகிறேன், அதற்கு மேலும் அவள் இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் அவளுக்கு என்னதான் மிச்சம் இருக்கும்? இப்போது நான் செம்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இந்தக் காலத்தில் கண்ணாடி வளையலா என்று அங்கே இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கழற்றியதில்லை.

பிள்ளை வளர்ந்துவிட்டாள், தானே சாப்பிடுகிறாள், பேச்சில் பாதி ஹிந்தி. அம்மா என்றால் அவளுக்குச் சுவரில் இருக்கும் படம். அந்தப் பாட்டு அம்மாவுடையது என்று அவளிடம் சொல்லவில்லை. வெறும் வாயால் சொன்னால் என்ன ஆகும்? சித்தி பாடுகிற சோற்றுப் பாட்டு ஒன்று உண்டு, அதை அம்மாவும் பாடினாளாம், அவ்வளவுதான் ஆகும். குரலைக் கேட்கவைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பழைய விளம்பரங்களைத் தேடுவது எனக்கு வழக்கமாகிப்போனது.

போன மாதம் கிடைத்தது. யாரோ ஒருவர் தன் பழைய கேசட்டு, டிஸ்க்குகளிலிருந்து விளம்பரங்களைச் சேர்த்து ஏற்றியிருந்தார். பற்பசை, சோப்பு, பிஸ்கட் எல்லாம் ஓடிய பிறகு அந்த வடக்கத்திக் குடும்பம் ஸ்பூனோடு வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் நோயாளிகளுக்கு நடுவில் அவளைக் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

சாயங்காலம் வீட்டில் பிள்ளை தரையில் படுத்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தான் அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் நாடகம். "ஒண்ணு கேளு" என்று போனைத் தரையில் வைத்துப் போட்டேன்.

'ஒரு வாய் போதுமா' என்றாள் அக்கா. எதிர்வீட்டு நாடகச் சத்தம் சட்டென்று நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் மதினியின் கை ரிமோட்டுக்குப் போயிருக்கிறது. அந்த அமைதியில் மூன்று அக்காவும் சேர்ந்து பாடி முடித்தார்கள், வளையல் குலுங்கியது, சிரிப்பு வந்தது. அத்தான் ஒரு செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், இந்தத் தடவை தெருமுனைக்குப் போகவில்லை.

பிள்ளை தலையைத் தூக்கினாள். "அரே, இது ஒன் பாட்டுல்லா சித்தி. நீ டிவில பாடியிருக்கியா?"

இத்தனை வருஷமும் அக்காவைக் காப்பாற்றி வைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் குரலைக் கேட்டு அவள் பெற்ற பிள்ளை என் பெயரைச் சொல்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை போனைப் பிடுங்கிக் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டாள். காதருகே வைத்து மறுபடியும் போட்டாள்.

"இங்க சிரிக்கிறது நீ" என்றாள். "நடுவுல இன்னொரு ஆளு சிரிக்குது. அது யாரு?"

"ஒங்கம்மா" என்றேன். "பாட்டும் அவதான். மூணு குரலும் அவதான். அந்தச் சிரிப்புல மட்டுந்தான் நான் இருக்கேன்."

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் வளையலைப் பார்த்தாள். மறுபடி போட்டுக் கேட்டாள். பிறகு சந்தேகத்தோடு, "எதுக்குச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

"அவ வயித்துல இருந்து நீ ஒதச்ச."

அவள் போனைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். கடைசி வரி வந்ததும் காலைத் தூக்கி ஒரு உதை உதைத்தாள், சரியாக வளையல் குலுங்குகிற இடத்தில். அத்தான் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்வீட்டில் அதுவரைக்கும் சத்தம் வைக்கவே இல்லை.